அப்பாவின் 27 வருடம்

அப்பா போய் இன்றோடு முப்பது நாள். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "மிலிட்டரிக்காரர்" என்றே பேசினார்கள். முன்னாள் ராணுவத்தினர் நாலு பேர் வந்து மாலை போட்டு சல்யூட் அடித்தார்கள். எனக்குப் பெருமைதான். 1968-இல் பத்தொன்பது வயதில் சேர்ந்து, ஜபல்பூரில் சிக்னல் பிரிவுப் பயிற்சி எடுத்தவர். 1971 போரில் மேற்கு எல்லையில் டெலிபோன் கம்பி இழுத்தார். குண்டு விழுந்து கம்பி அறுந்தால், இருட்டில் அதைக் கையால் தடவிக்கொண்டே நடந்துபோய், அறுந்த முனையைத் தேடி முடிச்சுப் போட வேண்டும்.

ஆனால் அந்தப் போர் நடந்தது இரண்டு வாரம்தான். அப்பா மின்வாரியத்தில் இருந்தது 27 வருடம். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1980-இல் கம்பம் ஏறுகிற வேலையில் சேர்ந்தார். கடைசி எட்டு வருடம் வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமப் பிரிவு அலுவலகம் அவர் பொறுப்பில் இருந்தது. அந்தப் பக்கம் உப்புக்காற்று. கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற இன்சுலேட்டரில் உப்புப் படியும். விடியற்காலைப் பனியில் அது நனைந்ததும் பொறி பறந்து லைன் போய்விடும். ஊர் எழுந்து "கரண்ட் இல்லையே" என்று சொல்லும்போது அப்பா ஏதாவது ஒரு வயல் வரப்பில் நிற்பார்.

தீபாவளி ஐப்பசி மழையில்தானே வரும்? ஒரு வருடம் மறுநாள் மதியம்தான் வீட்டுக்கு வந்தார். அதுவரை நாங்கள் யாரும் எண்ணெய் வைத்துக்கொள்ளவில்லை. வந்தவர் ஈர வேட்டியோடு உட்கார்ந்து, எனக்கும் தம்பிக்கும் அவரே தலை நிறைய எண்ணெய் தேய்த்துவிட்டார். எங்களுக்கு அதுதான் தீபாவளி.

வேலையில் அவர் ஒரு விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். துணை மின்நிலையத்தில் சொல்லி, கரண்டை நிறுத்தியாயிற்று என்கிற லைன் கிளியர் வாங்கி, லைனைத் துண்டிக்கிற ஏ.பி. சுவிட்சைத் திறந்துவிட்டு அதற்குப் பூட்டுப் போட்டு, வேலை நடக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு மாட்டிய பிறகுதான் "ஏறு தம்பி" என்பார். "பத்து நிமிஷ வேலை, ஆளை ஏத்துங்க" என்று ஊரில் பெரிய ஆட்கள் வீட்டு வாசலில் வந்து கத்தியிருக்கிறார்கள். இவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பேசாமல் நிற்பார். அந்த எட்டு வருடத்தில் அவர் பிரிவில் கம்பத்தில் ஏறிய ஒருவருக்கும் உயிர் போகவில்லை. என்னைக் கேட்டால் இதற்குத்தான் முதல் சல்யூட் அடித்திருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. தென்னை எல்லாம் சாய்ந்து, கம்பங்கள் வரிசையாக ஒடிந்து கிடந்தன. அப்பா ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கு எந்த லைன் எங்கே போகிறது என்று தெரியாது. இவர் தடியை ஊன்றிக்கொண்டு தினமும் அவர்களோடு நடந்தார். வாடகை ஜெனரேட்டர் எந்தெந்த வீட்டில் ஓடுகிறது என்று தெருத்தெருவாகக் கேட்டார். வீட்டை லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் மாட்டினால் ஜெனரேட்டர் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி, செத்துக் கிடக்கிற லைனில் 11,000 வோல்ட்டாக ஏறிவிடும். மேலே இருப்பவனுக்கு அது தெரியாது. எர்த் ராடு இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள் என்று, எந்தப் பதவியும் இல்லாத அந்தக் கிழவர் கெஞ்சினார்.

இப்போதும் பெல்ட் இல்லாமல், கையுறை இல்லாமல் ஒப்பந்த வேலைக்கு வந்த பையன்கள் கம்பத்தில் ஏறுவதைப் பார்க்கிறேன். கீழே நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்துவது நாம்தான். கரண்ட் ஒரு மணி நேரம் தாமதமாக வரட்டுமே! உங்கள் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தால் சேஞ்ச் ஓவர் சுவிட்சை முறையாகப் போட்டுவிடுங்கள். அப்பா பெயரைச் சொல்லிக் கேட்கிறேன்.

அப்புறம், எங்கள் வீட்டில் கிரைண்டரையோ ஃபிரிட்ஜையோ ஈரம் பட்டிருக்கும்போது யாரும் உள்ளங்கையால் தொட மாட்டோம். கரண்ட் பாய்ந்தால் விரல்கள் தானாக மடங்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிவிடும் என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தார். எங்களுக்குக் காய்ச்சல் என்றாலும் நெற்றியில் புறங்கையைத்தான் வைப்பார். கடைசி வாரம் அவருக்குக் காய்ச்சல் கண்டபோது நானும் அப்படித்தான் வைத்துப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே லேசாகச் சிரித்தார்.