உலகக் கழிப்பறை தினத்துக்கு வாழ்த்துச் சொன்ன நிப்பட்டுக் கடை

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் கடையின் ஃபேஸ்புக் பேஜைத் திறந்தால் அங்கே ஒரு வளையல் கடை உட்கார்ந்திருக்கிறது. பெயர் வேறு, லோகோ வேறு, முகப்பில் கல் வைத்த வளையல் நான்கு ஜோடி. கொஞ்சம் கீழே இறங்கினால், போன வருஷம் என் மாமியார் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து நிப்பட்டு தட்டிப் போட்ட வீடியோ அப்படியே கிடக்கிறது. வளையலுக்கும் தோட்டுக்கும் நடுவில் முக்காடு போட்டுக்கொண்டு என் மாமியார். அதற்குக் கீழே யாரோ ஒரு அக்கா "இது என்ன மாடல், விலை சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். தூக்கம் போயே போச்சு. வயிறு எரிகிறது, எங்கேயாவது கொட்டாமல் ஆறாது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம். கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவில். நிப்பட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அரிசி மாவோடு பொட்டுக்கடலை, உடைத்த வேர்க்கடலை, மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்துப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, மெல்லிசாகத் தட்டி எண்ணெயில் போட்டு எடுப்பது. சேலத்துக்காரர்கள் இதைத் தட்டுவடை என்பார்கள், அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். என் மாமியார் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதைத் தட்டுகிறார். பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் போகிறவர்கள் ஊருக்குள் திரும்பி வந்து வாங்கிப் போவார்கள். அப்படி வந்த ஒருவர்தான் "ஏம்மா, ஃபேஸ்புக்ல ஒரு பேஜ் வெச்சா நாங்க அங்கயே ஆர்டர் குடுப்போமே" என்று கேட்டுவிட்டுப் போனார். பாவம், அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

நானே ஆரம்பித்திருக்கலாம். அரை மணி நேர வேலை, பைசா செலவில்லை. ஆனால் "தொழில்முறையாக இருக்கணும்" என்று ஒரு எண்ணம் புகுந்துவிட்டது பாருங்கள், அங்கே பிடித்தது சனி. டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று போர்டு மாட்டிய ஒரு இடத்திலிருந்து ஒரு தம்பி லேப்டாப் பையோடு வந்தான். இரண்டு நிப்பட்டைக் கடித்துக்கொண்டே "மேம், உங்க பிராண்டுக்கு ஆன்லைன் பிரசன்ஸே இல்ல மேம்" என்றான். இத்தனை வருஷமாக எங்களிடம் இருந்தது கடை. அவன் சொன்ன பிறகுதான் அது பிராண்ட் என்று தெரிந்தது. மாசம் 8,000 ரூபாய், அதற்கு 12 போஸ்டர், 4 ரீல்ஸ். போஸ்டை நிறையப் பேருக்குக் காட்டச் சொல்லி ஃபேஸ்புக்குக்குக் கட்டும் பூஸ்ட் காசு தனி, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எட்டாயிரம் ரூபாய்க்கு எத்தனை ஈடு நிப்பட்டு எடுக்க வேண்டும் என்று என் மாமியார் வாய்விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார். நான்தான் "சும்மா இருங்கத்தை, காலம் மாறிப்போச்சு" என்று அடக்கினேன். அந்த வார்த்தையை இன்று வரை அவர் எனக்குத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார், தோசை தீய்ந்தால்கூட.

ஜூலையில் ஆரம்பித்தது. முதல் மாசம் ஒரு போஸ்டர் வந்தது. புலி. முழுப் பக்கத்துக்குப் புலி, மூலையில் எங்கள் கடை லோகோ. கேட்டால் ஜூலை 29 உலகப் புலிகள் தினமாம். சரி, புலி நல்லா இருக்கட்டும், அதற்கு நிப்பட்டுக் கடை என்ன செய்ய வேண்டும்? "மேம், இதெல்லாம் டே போஸ்ட், எல்லா பிராண்டும் போடும்" என்றான். அப்புறம் தேங்காய் தினம் வந்தது, அதுகூடப் பரவாயில்லை, தின்கிற பொருள். நவம்பர் 19 அன்று காலையில் என் தம்பி பெங்களூரிலிருந்து போன் போட்டுச் சிரிக்கிறான், சிரித்துச் சிரித்து இருமுகிறான், விஷயத்தைச் சொல்லவே மாட்டேன் என்கிறான். போய்ப் பார்த்தால் உலகக் கழிப்பறை தினம். வெள்ளை வெளேர் என்று ஒரு கக்கூஸ் படம், "சுத்தமே சுகம்" என்று ஒரு வாசகம், கீழே கொட்டை எழுத்தில் எங்கள் கடைப் பெயர், அதற்கும் கீழே "ஒரு முறை சுவைத்துப் பாருங்கள்". பொய்யில்லை. அந்தத் தினம் உண்மையிலேயே இருக்கிறது, ஐ.நா. சபையே கடைப்பிடிக்கிறது, நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தப் போஸ்டரைப் போட்டவன் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இது தின்பண்டக் கடை என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? எல்லாக் கடைக்கும் ஒரே போஸ்டர், லோகோவை மட்டும் மாற்றி ஒட்டுவது. அவர்களிடம் இருந்த டயர் கடைக்கும், ஸ்கூல் யூனிஃபார்ம் கடைக்கும் அன்றைக்கு அதே கக்கூஸ்தான் போயிருந்தது.

இத்தனை போஸ்டரில் நிப்பட்டுப் படம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு மாசத்தில் மூன்று. அதிலும் ஒன்று எங்கள் நிப்பட்டு இல்லை. எங்கிருந்தோ இறக்கிய வடநாட்டு மட்ரி படம், பக்கத்தில் புதினாச் சட்னி வேறு.

இதைவிடக் கொடுமை, பேஜில் எங்களைப் பற்றி எழுதி வைத்த அறிமுகம். "சோழர்களின் பழம்பெரும் துறைமுக நகரமான காவேரிப்பட்டணத்தின் பாரம்பரிய நிப்பட்டு." படித்துவிட்டு முதலில் எனக்கே புல்லரித்தது. அப்புறம்தான் உறைத்தது. அடப்பாவி, அது காவேரிப்பூம்பட்டினம்! பூம்புகார்! மயிலாடுதுறை மாவட்டத்தில் கடலோரம் இருப்பது. எங்கள் ஊரில் கடலும் இல்லை, பெயரில் இருக்கிற காவேரியும் இல்லை, ஓடுவது தென்பெண்ணை. காவேரி வேண்டுமென்றால் ஒகேனக்கல் போக வேண்டும். மாமியாரிடம் சொன்னால் "நாம என்ன மீனா விக்கறோம்?" என்று கேட்டார். இதில் என்ன ஆனது தெரியுமா, பேஜுக்கு வந்த விசாரிப்புகளில் ஒன்று "பீச் பக்கமா கடை, ஞாயிறு திறந்திருக்குமா, ஃபேமிலியோட வர்றோம்". அவர்கள் உண்மையிலேயே பூம்புகார் போய்த் தேடியிருந்தால் அந்தப் பாவம் யாருக்கு?

மாற்றச் சொல்லி மூன்று முறை சொன்னேன். "டீம்கிட்ட சொல்லியாச்சு மேம்." அந்த டீமை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கென்னவோ அந்த டீம், மேம் மேம் என்று சொல்கிற அந்த ஒரே தம்பிதான் என்று தோன்றுகிறது. உணவு உரிம எண்ணைப் போடச் சொன்னால் 14 இலக்கத்தில் 13 மட்டும் போட்டு வைத்தார்கள். மாசக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் வரும் பாருங்கள், வண்ண வண்ணக் கோடு போட்டு, ரீச் இவ்வளவு, இம்ப்ரெஷன் இவ்வளவு, எங்கேஜ்மென்ட் இவ்வளவு என்று. போச்சம்பள்ளி சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு மாட்டுக்கு விலை பேசும் தரகர்கூடக் கடைசியில் இத்தனை ரூபாய் என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். இந்த ரிப்போர்ட்டில் எத்தனை பாக்கெட் விற்றது என்ற ஒரு கேள்விக்கு மட்டும் இடமே கிடையாது.

ஆனால் ஃபாலோயர் மட்டும் ஏறியது. முதல் வாரத்திலேயே ஐயாயிரத்துச் சொச்சம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரரிடம் காட்டினேன், நாத்தனாரிடம் காட்டினேன், பால் ஊற்ற வந்தவரிடம்கூடக் காட்டினேன். ஐயாயிரம் பேர்! ஆனால் போஸ்டருக்கு லைக் நான்கு. அதில் ஒன்று நான், ஒன்று வீட்டுக்காரர், ஒன்று அந்தத் தம்பி. இன்னொருவர் யாரோ, "சூப்பர் டியர்" என்று ரோஜாப் பூ போடுவார், கழிப்பறைப் போஸ்டருக்கும் போட்டார். ஆர்டர் ஏன் வரவில்லை என்று துருவினால் இன்னொன்று தெரிந்தது. பேஜில் இருந்த வாட்ஸ்அப் நம்பர் எங்களுடையதே இல்லை, அவர்களுடையது. "லீட் மேனேஜ் பண்றோம் மேம்." லீட் என்றால் வாங்க விசாரித்து வருகிறவராம். பெங்களூரில் ஒருவர் தீபாவளிக்கு இருபது கிலோ கேட்டு அனுப்பிய செய்தி, தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள் என் கைக்கு வந்தது. இருபது கிலோ! தீபாவளிக்கு! மாமியாரிடம் அதை இன்னும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

டிசம்பரோடு போதும் என்று நிறுத்தினேன். பேஜை ஒப்படையுங்கள் என்றேன். "உங்களுக்கு ஆக்சஸ் இருக்கே மேம்." இருந்தது. என்ன ஆக்சஸ் என்பதில்தான் சூட்சுமம். ஃபேஸ்புக் பேஜில் முழுக் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு, அரைகுறை அனுமதி என்று ஒன்று உண்டு. முழுக் கட்டுப்பாடு வைத்திருப்பவர் யாரை வேண்டுமானாலும் சேர்க்கலாம், யாரை வேண்டுமானாலும் தூக்கலாம், பேரை மாற்றலாம், பேஜையே அழிக்கலாம். மற்ற அனுமதி வைத்திருப்பவர் போஸ்ட் போடலாம், கமென்ட்டுக்குப் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். எனக்குக் கொடுத்திருந்தது அந்த இரண்டாவது. கடைக்குள் வந்து கூட்டிப் பெருக்கலாம், சாவி மட்டும் கேட்கக் கூடாது. நான் ஆறு மாசமாக அதையே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சென்ட் இடம் வாங்கினாலும் பட்டா யார் பேரில், வில்லங்கம் இருக்கிறதா என்று பார்க்கிற குடும்பம் எங்களுடையது! சாவியைக் கேட்ட மறுநாள் அந்த அரைகுறை அனுமதியும் போனது. 1767ல் எங்கள் ஊர்க் கோட்டையை ஹைதர் அலிகூட முற்றுகை போட்டுத்தான் பிடித்தார். இவர்களுக்கு ஒரு பட்டன் போதுமாக இருந்தது.

நேற்று ராத்திரி வளையலைப் பார்த்த கோபத்தில், கிருஷ்ணகிரியில் காலேஜ் படிக்கிற என் நாத்தனார் மகனை எழுப்பினேன். அவன்தான் அந்தப் பேஜின் அறிமுகப் பகுதிக்குள் போய், பேஜ் வெளிப்படைத்தன்மை என்று ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினான். பேஜ் எந்தத் தேதியில் ஆரம்பித்தது, அதன் பெயர் எப்போதெல்லாம் மாறியது என்பதெல்லாம் அங்கே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தேன். நான் முதல் மாசக் காசு கொடுப்பதற்கு ஐந்து வருஷம் முன்பே அந்தப் பேஜ் பிறந்திருக்கிறது. முதல் பெயர் காதல் கவிதை சம்பந்தப்பட்டது. அப்புறம் ஒரு வீட்டு மனை விற்பனை. அதற்கப்புறம் நாங்கள். இப்போது வளையல். அந்த ஐயாயிரம் பேரும் காதல் கவிதை படிக்க வந்தவர்கள்! பிரிந்துபோன காதலியை நினைத்து உருகிக்கொண்டிருந்தவர்களிடம் முதலில் மனை விற்றார்கள், பிறகு நிப்பட்டு விற்றார்கள். ரோஜாப் பூ போட்ட அந்த மனிதரை இப்போது எனக்குப் புரிகிறது, அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

"அத்தை, இது வாடகை வீடுகூட இல்ல, லாட்ஜு" என்றான் பையன்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. பேஜைத் திரும்ப வாங்குவது எப்படி என்று இரண்டு மூன்று இடங்களில் நான் கமென்ட் போட்டு வைத்திருந்தேன். உடனே ஒரு மெசேஜ், நீலக் குறியெல்லாம் போட்டு, "உங்கள் கணக்கு 24 மணி நேரத்தில் முடக்கப்படும், இந்த லிங்க்கில் பாஸ்வேர்டு கொடுங்கள்" என்று. கை லிங்க் வரைக்கும் போய்விட்டது. பையன் போனைப் பிடுங்கியே விட்டான். பணம் போனால் சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அடித்துச் சொல்லலாம், ஆனால் போன மானத்துக்கு எந்த நம்பருக்கு அடிப்பது?

சரி, விடியற்காலை இரண்டு மணிக்குப் புதுப் பேஜ் ஒன்று நானே ஆரம்பித்தேன். என் கணக்கில், என் நம்பரில், முழுக் கட்டுப்பாடு எனக்கும் வீட்டுக்காரருக்கும். சத்தியமாக இருபது நிமிஷம்தான் ஆனது. அந்த இருபதில் பதினைந்து நிமிஷம் பெயருக்குப் போனது. பேஜ் முகவரியில் வருகிற யூசர்நேமைத் தமிழில் வைக்க முடியாது, ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும். நிப்பட்டுக்கு எத்தனை பி, எத்தனை டி? இந்த மண்ணில் ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு ஸ்பெல்லிங் வைத்திருக்கிறார். காவேரிக்கு சி-யா கே-யா என்று அடுத்த பஞ்சாயத்து. நான் நினைத்த பெயரைப் போட்டால் அது ஏற்கனவே எடுக்கப்பட்டுவிட்டதாம். யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால், சாட்சாத் அந்த வளையல் கடைப் பேஜ்தான்! மேலே பேரை மாற்றியவர்கள் யூசர்நேமை மாற்ற மறந்திருக்கிறார்கள். வளையல் விற்கிறார்கள், முகவரியில் நிப்பட்டு இருக்கிறது. கடைசியில் ஒரு டி-யைக் கூட்டிப் போட்டுச் சமாளித்தேன். போட்டோ, காலையில் முதல் ஈடு எடுத்ததும் அடுப்படியிலேயே எடுத்தது. கொஞ்சம் புகை மூட்டமாக இருக்கிறது, இருக்கட்டும். உரிம எண் பதினான்கு இலக்கத்தையும் இரண்டு முறை எண்ணிப் போட்டேன். அறிமுகத்தில் "காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம், தென்பெண்ணைக் கரை" என்று தெளிவாக, ஒரு குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதினேன்.

இப்போது மத்தியானம் மூன்று மணி. ஃபாலோயர் 41 பேர், எல்லாரும் சொந்தக்காரர்கள், இரண்டு பேரோடு பேச்சுவார்த்தை கிடையாது, ஆனாலும் ஃபாலோ செய்திருக்கிறார்கள். சற்று முன் முதல் விசாரிப்பு வந்தது. ஆவலாகத் திறந்தேன்.

"வணக்கம் மேடம். பூம்புகார் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து எவ்ளோ தூரம்?"