வால்ஐ மீனின் வெள்ளைக் கண் நோயில்லை

வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் ஜூன் மாதம் பிடித்த வால்ஐ (walleye) என்ற நன்னீர் மீனுக்குக் கண் வெளுத்திருந்தால் அது கண்புரை, சமைக்கக் கூடாது என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் தகவல் சரியில்லைங்க. அந்த மீனின் விழித்திரையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு, கண் வெளுத்துத் தெரிவது அதனால்தான். பூனைக் கண் இருட்டில் மின்னுவதும் இதே மாதிரி ஒரு படலத்தால்தான். கலங்கல் தண்ணீரிலும் அந்தி வெளிச்சத்திலும் இரை தேட அது உதவுகிறது. ஆங்கிலத்தில் பெயரே அந்தக் கண்ணால் வந்தது.

நீங்களே பார்க்கலாம். இருட்டியதும், பிடித்து வைத்த மீனின் கண்ணில் டார்ச் அடித்து, தலையை மெல்லத் திருப்புங்கள். கோணத்துக்கு ஏற்ப மினுக்கம் கூடும், குறையும். புரை விழுந்த கண் அப்படி மின்னாது. அதே ஏரியில் கிடைக்கும் மஞ்சள் பெர்ச் என்ற மீனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே குடும்பம்தான், ஆனால் அதற்கு இந்தப் படலம் கிடையாது, கண் மின்னாது.