வேலை உண்டு, சம்பளம் கிடையாது

அமெரிக்கத் துறைமுகம் என்றாலே கப்பலில் கோஸ்ட் கார்ட், அதாவது அவர்களுடைய கடலோரக் காவல் படை பற்றிய பயம் தொற்றிக்கொள்ளும். போய்ச் சேர 96 மணி நேரம் இருக்கும்போதே தகவல் அனுப்பியாக வேண்டும். நான் தேர்ட் ஆபீசராக இருந்தபோது ஹூஸ்டனில் இரண்டு பேர் சோதனைக்கு ஏறினார்கள். ஒருவனுக்கு என் தம்பி வயசுதான் இருக்கும். எமர்ஜென்சி ஃபயர் பம்பை ஓட்டச் சொன்னான். ஹோஸில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்வரை இடத்தைவிட்டு அசையவில்லை. அடுத்து லைஃப்போட் எஞ்சின். முதல் தடவை பிடிக்கவில்லை. லைஃப்போட் என் பொறுப்பு, எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவன் ஒன்றும் பேசாமல் நின்றான். இரண்டாவது தடவை பிடித்ததும் ஏதோ எழுதிக்கொண்டு நகர்ந்தான்.

2019 ஜனவரியில் செய்தி படித்தபோது அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வந்தது. டிரம்ப் கேட்ட எல்லைச் சுவருக்கான பணத் தகராறில் 2018 டிசம்பர் 22 தொடங்கி 35 நாள் ஷட்டவுன், அதாவது பட்ஜெட் நிறைவேறாமல் அரசின் ஒரு பகுதி முடங்கிப்போனது. ஜனவரி 15ஆம் தேதி வரவேண்டிய சம்பளம் கோஸ்ட் கார்டில் சுமார் 42,000 பேருக்கு வரவில்லை. தரைப்படைக்கு வந்தது, கடற்படைக்கு வந்தது. அவர்கள் பாதுகாப்புத் துறையில் இருக்கிறார்கள், அந்த பட்ஜெட் முன்பே நிறைவேறிவிட்டது. கோஸ்ட் கார்ட் 2003 முதல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில். எல்லோரும் சீருடைக்காரர்கள்தான், பட்டுவாடா பண்ணும் பெட்டி வேறு.

லீவு போட்டு வீட்டில் இருக்கவும் முடியாது. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒதுக்காத பணத்தை அரசு செலவழிக்கக் கூடாது என்று சட்டம். உயிரையும் உடைமையையும் காக்கும் வேலைக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கு வேலை வாங்கத்தான், கூலி கொடுக்க அல்ல. பெர்தால்ஃப் என்ற ரோந்துக் கப்பல் ஜனவரி 20ஆம் தேதி கலிஃபோர்னியாவின் அலமீடாவிலிருந்து மேற்கு பசிபிக்குக் கிளம்பியது. வீட்டு வாடகையை யார் கட்டுவார்கள் என்று தெரியாமல் மாசக்கணக்கில் கடலுக்குப் போவது எப்படி இருக்கும் என்று கப்பல்காரன் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இதில் உச்சம், கோஸ்ட் கார்டின் ஊழியர் நலத் திட்டம் ஒன்று வெளியிட்ட யோசனைப் பட்டியல். பழைய சாமானை விற்கலாம், குழந்தை பார்த்துக்கொள்ளலாம், நாயை வாக்கிங் கூட்டிப் போகலாம் என்று போட்டிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் விசாரித்ததும் எடுத்துவிட்டார்கள்.

'பின்னாடி மொத்தமாகக் கொடுத்துவிடுவார்களே' என்று சொல்லும் நண்பர்களுக்கு: வீட்டுக்காரர் 'பின்னாடி' என்றால் கேட்பாரா?

வழி இல்லாமலும் இல்லை. 2013 ஷட்டவுனுக்கு முன்னால் படைகளுக்குச் சம்பளம் நிற்காமல் இருக்க அவசரமாக ஒரு சட்டம் போட்டார்கள், அதில் கோஸ்ட் கார்டும் சேர்ந்தது. 2019இல் அதே மாதிரி மசோதா கொண்டுவந்தும் நிறைவேறவில்லை. என் யோசனை வேறு. அங்கே நுழையும் வெளிநாட்டுக் கப்பல்கள் டன்னேஜ் வரி, அதாவது கப்பலின் கொள்ளளவை வைத்துப் போடும் வரி கட்டுகின்றன. அந்தக் காசைப் பொதுக் கஜானாவில் கரைக்காமல், மீட்பு ஹெலிகாப்டருக்கும் மிதவைகளைப் பராமரிக்கிறவனுக்கும் தனியாக எடுத்து வைக்கலாம். கூடவே மாலுமிச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்துக்கும். அந்த ஷட்டவுனில் அதுவும் பூட்டிக் கிடந்தது. பாவம், அதை யாரும் அத்தியாவசியம் என்று நினைக்கவே இல்லை.