கிண்ணியாப் பாதையும் தரம் 6 நேரசூசியும்

என் ஆசிரிய வாழ்வில் கண்ட உருப்படியான ஆசிரியர் கூட்டங்கள் பாடசாலையில் நடக்கவில்லை, கிண்ணியாப் பாதையில் நடந்தன. (வெளியூர் நண்பர்களுக்கு: இங்கே பாதை என்றால் ரோடு இல்லை, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவை.) திருகோணமலை டவுனிலிருந்து கிண்ணியாவில் உள்ள பாடசாலைக்குப் போகும் நாங்கள் ஏழெட்டுப் பேர் கரையில் காத்து நிற்போம். வரைபட அளவுத்திட்டம் படிப்பித்தால் பிள்ளைகள் முழிக்கிறார்கள் என்பார் புவியியல் டீச்சர். விகிதம் அடுத்த தவணைதானே என்பார் கணித சேர். அக்கரை சேர்வதற்குள் விகிதத்தை இந்த மாதத்துக்கே இழுத்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்திருக்கும். கூட்டக் குறிப்பும் இல்லை, கையொப்பமும் இல்லை.

2009 ஒக்டோபரில் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர். வேண்டாம் என்று யார் சொல்வது? ராவில் நோயாளியை வைத்துக்கொண்டு கரையில் நின்ற சனத்துக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் தனித்தனி மோட்டார் சைக்கிளில் வந்தோம், 1.30 மணி அடித்ததும் தனித்தனியாகப் போனோம். ஒரே வகுப்புக்குப் படிப்பிக்கிறவர்கள் வாரக்கணக்கில் ஒரு பிள்ளையைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

இதில் அதிகம் அடிபடுவது தரம் 6 முதல் 9 வரை உள்ள பிள்ளைகள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பதாகை கட்டுகிறோம், சாதாரண தரப் பரீட்சைக்குப் பதாகை கட்டுகிறோம். நடுவில் உள்ள நாலு வருடத்தை யாரும் கேட்பதில்லை. நல்ல கணித ஆசிரியர் இருந்தால் அவரைச் சாதாரண தரம் எழுதும் தரம் 11க்குத் தூக்கிவிடுவார்கள். தரம் 5 வரை ஒரே வகுப்பாசிரியரின் கண்ணில் வளர்ந்த பிள்ளை, தரம் 6இல் பாடத்துக்கு ஒருவராக ஒன்பது பத்துப் பேரிடம் போகிறது. எழுத்துக் கூட்டத் தடுமாறுவது தமிழ் ஆசிரியருக்குத் தெரியும். விஞ்ஞான ஆசிரியருக்கு அது வெறும் ‘குழப்படிக்காரன்’.

பிறகு ஓர் அதிபர் வந்தார். ஒத்துழைப்பு, குழுமனப்பான்மை என்றெல்லாம் பேசவில்லை. நேரசூசியை வாங்கி இரண்டு நாள் வைத்திருந்தார். திருப்பித் தரும்போது புதன்கிழமை ஏழாம் பாடவேளை, தரம் 6க்குப் படிப்பிக்கும் எல்லோருக்கும் ஓய்வாக இருந்தது. அந்த நாற்பது நிமிடமும் இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் மண்டபத்தில் உட்காரவைத்து வாசிக்கச் செய்தவர் அதிபரேதான். எங்கள் பேச்சில் வந்து குந்தவும் இல்லை. "பாடத்தைப் பற்றிப் பேசாதீங்க, பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்க" என்றார், அவ்வளவுதான். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் படிப்பிக்க மற்றவர்கள் வகுப்பில் இருந்து பார்ப்பார்கள். அந்த வழக்கத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. நாங்களும் மூன்றாம் மாதம் ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் உட்கார்ந்தோம். முதல் தடவை எனக்குக் கை நடுங்கியது, இருபது வயதுப் பயிற்சி ஆசிரியை மாதிரி.

அவர் இடமாற்றமாகிப் போனார். அடுத்து வந்தவர் கெட்டவர் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டம், கட்டடக் கணக்கு, சுற்றறிக்கை என்று அவரையும் பிய்த்தெடுக்கிறார்கள். ஆசிரியர் வராத நாளில் பதில் பாடவேளைக்கு ஆள் தேடியபோது முதலில் கண்ணில் பட்டது எங்கள் புதன்கிழமைதான். ஒரு வாரம், இரண்டு வாரம், சரி, போய்விட்டது. ஆனால் கூட்டக் குறிப்புப் புத்தகம் மட்டும் நின்றபாடில்லை. மேற்பார்வைக்கு வருபவர்கள் கேட்பார்களே! நடக்காத கூட்டத்துக்கு நானும் கையொப்பம் வைத்திருக்கிறேன்.

அதிபர்மாரே, பயிற்சிப் பட்டறை வேண்டாம். அந்த நாற்பது நிமிடத்தைத் திருப்பித் தாருங்கள், யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாங்கள் நாலு பேர் ஒரே வேனில் வருகிறோம். ஏறியதும் தரம் 6 கதைதான். பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.