மாம்பழமும் சர்க்கரை மாத்திரையும்

சீசன் பழம் சர்க்கரையை ஏற்றாது, மாம்பழம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகூட வேண்டாம் என்று சிலர் சொல்வது தவறு, தயவுசெய்து யாரும் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 100 கிராம் மாம்பழச் சதையில் ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரை இருக்கிறது. நடுத்தர அளவு பங்கனப்பள்ளி ஒன்றை முழுசாகச் சாப்பிட்டால் அது 30 கிராமைத் தொட்டுவிடும், சீசன் என்பதால் குறையாது. சீசனில் வாங்குவது நல்லதுதான், விலையும் குறைவு, ருசியும் அதிகம். ஆனால் சாம்பார், ரசம், தயிர் என்று மூன்று முறை சோறு போட்டுக்கொண்டு அதற்கு மேல் பழம் என்பதுதானே நம் வீடுகளில் நடக்கிறது? சர்க்கரை உள்ளவர்கள் அந்த வேளை சோற்றைக் குறைத்துக்கொண்டு இரண்டு மூன்று துண்டு சாப்பிடலாம், அப்புறம் ஜூஸாக்கி வடிகட்டிக் குடிக்க வேண்டாம், நார்ச்சத்து போய்விடும். மாத்திரை அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.