சைலன்சர் மாற்றினால் 30 குதிரைவலு கிடைக்காது

தம்பி, டொயோட்டா 86 காருக்குப் பின்பக்க சைலன்சரை மட்டும் மாற்றினால் 30 குதிரைவலு கூடும், சத்தம் ஒரு கிழமையில் பழகிவிடும், முடிந்தால் கன்வேர்ட்டரையும் (புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பகுதி) கழற்றுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றுமே பிழை. அதில் இருப்பது டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத 2 லீட்டர் எஞ்சின், மொத்தமே 200 குதிரைவலு அளவுதான். கன்வேர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாயை மாற்றிக் கிடைப்பது சொற்பம். டர்போ கார்களுக்கு டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) எஞ்சின் டியூனிங்கும் சேர்த்துச் செய்தவர்களின் கணக்கை இதற்கு ஒட்டக்கூடாது.

சத்தம்தான் பெரிய விடயம். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு ஏறக்குறைய 83 தடவை உள்ளே எரிபொருள் வெடிக்கிறது, அந்த அடித்தொனி காருக்குள்ளேயே அடைபட்டு இரையும், மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை ஒரே வேகத்தில் ஓடினால் இறங்கும்போது தலை இடிக்கும். அது பழகுகிற சத்தம் இல்லை. ரெசொனேட்டர் (இந்த இரைச்சலை அடக்கும் அறை) உள்ள சைலன்சர் செட் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் முனை அடைத்த பக்கக் குழாய் ஒன்றைச் சரியான நீளத்தில் வெட்டி ஒட்ட வேண்டும்.

கன்வேர்ட்டரைக் கழற்றச் சொன்னதுதான் எனக்குக் கோபம். செக் எஞ்சின் விளக்கு எரியும், புகைப் பரிசோதனையில் விழுந்தால் வருடாந்த வரிப்பத்திரமும் எடுக்க முடியாது. அப்புறம் கல்லடியிலும் காத்தான்குடியிலும் வீடுகள் வீதியை ஒட்டியே இருக்கின்றன, குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் அந்தச் சத்தத்தோடு போவது சரியே இல்லை.

மாற்றுகிறவர்கள், சத்தம் பிடிக்காவிட்டால் திரும்பப் பூட்டலாம் என்பதால், பழைய சைலன்சரை மட்டும் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள்.