சம்பளத்தைக் கேட்டாய், வீட்டைக் கேட்டாயா?

நேற்று ராத்திரி சித்தி பையன் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டான். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை உறுதியாகிவிட்டதாம். ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, வரி போகக் கைக்கு எவ்வளவு வரும், வருஷத்துக்கு முப்பது நாள் லீவு, விமான டிக்கெட் கம்பெனி செலவு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். பின்னால் சித்தி யாருக்கோ போனில் சேதி சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எனக்கும் ரொம்ப சந்தோஷம். எல்லாம் கேட்டுவிட்டு, "எங்கடா தங்கப்போறே?" என்றேன்.

"ரெண்டு வாரத்துக்கு ஓட்டல் குடுக்கறாங்கண்ணா. அதுக்குள்ள வீடு பாத்துக்கலாம்."

2018 அக்டோபரில் ஜெர்மனிக்குக் கிளம்பும்போது நானும் அம்மாவிடம் இதையேதான் சொன்னேன். இரண்டு வாரத்தில் வீடு கிடைத்துவிடும் என்று நம்பி வந்து இறங்கியவனுக்குச் சாவி கையில் கிடைத்தபோது பிப்ரவரி முடியப்போகிறது. நடுவில் நான்கு இடம் மாறினேன். போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. அதனால் இதை அவனுக்கு மட்டும் எழுதாமல், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடக் காத்திருக்கும் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கையெழுத்துக்கு முன்னால், சம்பளத்துக்கு எவ்வளவு பேசினீர்களோ அவ்வளவு வீட்டுக்கும் பேசுங்கள். குறைந்தது மூன்று மாதத்துக்குத் தங்க இடம் வேண்டும். அந்த இடத்தில் முகவரிப் பதிவு செய்ய முடிய வேண்டும். இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்காகச் சம்பளத்தில் ஆயிரம் யூரோ குறைத்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். நான் யோசித்துத்தான் சொல்கிறேன்.

முகவரிப் பதிவு என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. இங்கே அதை அன்மெல்டுங் என்பார்கள். ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் போய், இந்த முகவரியில் இருக்கிறேன் என்று பதிய வேண்டும். வாய்ச்சொல் போதாது. இவர் இங்கே குடிவந்திருக்கிறார் என்று வீடு கொடுத்தவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். 2015 நவம்பரிலிருந்து இதுதான் சட்டம். இந்தப் பதிவு முடிந்தால்தான் பதினோரு இலக்க வரி எண் தபாலில் வரும். விசாவை நீண்டகால அனுமதியாக மாற்றும் அலுவலகமும் இதைத்தான் முதலில் கேட்கும். பல வங்கிகளும் கேட்கும். ஒரு தாள் இல்லையென்றால் மற்ற தாள்கள் எல்லாம் நின்றுவிடும்.

ஓட்டல் நாட்கள் தீர்ந்ததும் இணையத்தில் ஓர் அறை பிடித்தேன். கட்டில், மேசை, பொதுச் சமையலறை. வாடகையைக் கொடுத்துவிட்டு அந்தப் படிவத்தைக் கேட்டால், "இந்த அறைக்கு அன்மெல்டுங் கிடையாது" என்றார் அறை கொடுத்தவர். விளம்பரத்தின் கடைசி வரியில் அது இருந்திருக்கிறது. என் ஜெர்மன் அந்த வரி வரைக்கும் போகவில்லை. முதல் சில மாதச் சம்பளத்துக்கு வரி எண் இல்லாததால் ஆறாம் வகுப்பில் வரி பிடித்தார்கள். இருப்பதிலேயே அதிகம் பிடிப்பது அந்த வகுப்பில்தான். பின்னால் அந்தப் பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டிய அந்த மாதங்களில்தான் அது கையில் இல்லை.

வீடு தேடிய கதைக்கு வருகிறேன். மொத்தம் அறுபத்து நான்கு பேருக்கு எழுதினேன். பதில் வந்தது ஏழு. அதில் போய்ப் பார்க்க முடிந்தது ஐந்து வீடு. முதல் வீட்டுக்குப் போனபோது மூன்றாம் மாடியிலிருந்து தெருக்கதவு வரைக்கும் படிக்கட்டில் ஆட்கள் நின்றார்கள். ஆளுக்கொரு கோப்பு கையில். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரரின் கடிதம், அப்புறம் ஷூஃபா. ஷூஃபா என்பது நம்ம ஊர் சிபில் மாதிரி, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் அறிக்கை. புதிதாக வந்தவனிடம் இது மூன்றில் எதுவும் இருக்காது. கடன் வைக்காதது மட்டும் போதாது, கடனே இல்லாதவனைப் பற்றி அவர்களிடம் ஒரு வரியும் இருக்காது. என் கையில் இருந்தது வேலை ஒப்பந்தமும் பாஸ்போர்ட்டும் மட்டும்தான்.

பெயரும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை. 2017-இல் ஷ்பீகல் இதழும் பவேரிய வானொலியும் சேர்ந்து பத்து நகரங்களில் சுமார் 20,000 வாடகை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். விவரம் எல்லாம் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. அரபு, துருக்கிப் பெயர்களுக்கு அழைப்பு தெளிவாகக் குறைந்தது. மியூனிக்கில் அது மிக மோசம். அதைப் படித்தபோது மனசு கசந்தது. கூடவே பீளமேட்டில் நாங்கள் வீடு தேடிய நாட்களும் ஞாபகம் வந்தன. அப்பா மில் தொழிலாளி. லைன் வீடுகளிலேயே எட்டு முறை மாறியிருக்கிறோம். என்ன ஆளுங்க என்று கேட்டுவிட்டு, பக்கத்து வீடு காலியாக இருக்கும்போதே இல்லை என்று அனுப்பியவர்களை எனக்கு நேரில் தெரியும். அப்பா ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்புவார்.

டிசம்பரில் ஓர் அருமையான வீடு கிடைத்தது. இரண்டு அறை, பால்கனி, எஸ்-பான் ரயில் நிலையம் பக்கம், வாடகையும் பாதி. வீட்டுக்காரர் வேலை விஷயமாக வேறு நாட்டில் இருக்கிறாராம். முன்பணம் 1,200 யூரோ அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவாராம். மின்னஞ்சலில் அவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார். பாஸ்போர்ட் நகலும் வைத்திருந்தார். நான் நம்பிவிட்டேன். அன்றைக்கு அரிசி வாங்கப் போன இடத்தில், கடைக்கார அண்ணனிடம் வீடு கிடைத்துவிட்டது என்று சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் அகதியாக வந்தவர். தராசை அப்படியே விட்டுவிட்டு, "வீட்டுக்குள்ள போய்ப் பாத்தனீங்களோ தம்பி?" என்றார். இல்லை என்றேன்.

"அப்ப ஒரு சதமும் அனுப்பிப்போடாதேங்கோ. கதவைத் திறந்து காட்டாதவனுக்குக் காசு குடுக்கக் கூடாது."

அவர் சொன்னபடி, வாரக் கடைசியில் அந்த முகவரிக்கே போய் மணி அடித்தேன். பல வருஷமாக அங்கே குடியிருக்கும் ஒரு பாட்டி வந்து கதவைத் திறந்தார். அவர் வீட்டுப் படம்தான் விளம்பரத்தில் இருந்தது. எனக்குப் பணம் மிச்சம். என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனுக்கு அப்படி ஓர் அண்ணன் வாய்க்கவில்லை. இதே மாதிரி ஒரு விளம்பரத்தில் அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த மொத்தப் பணமும் போனது.

அந்த அண்ணன் வந்த புதிதில் ஒரே அறையில் ஆறு பேராக இருந்தாராம். "அப்ப எங்களுக்கு ஆர் இருந்தவை சொல்ல?" என்று கேட்டார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் கடைக்கு வரும் ஒவ்வொரு புது முகத்திடமும் வீடு ஆச்சா என்று விசாரிக்கிறார்.

இதே ஊரில் நம் ஆட்களில் இன்னொரு வகையும் உண்டு. வீடு தரமாட்டார்கள், முகவரி மட்டும் தருவார்கள். படிவத்தில் கையெழுத்துக்கு 400 யூரோ என்று என்னிடமே ஒருவர் கேட்டார். தவித்துக்கொண்டிருப்பவனுக்கு அது பெரிய உதவியாகத் தெரியும். தயவுசெய்து போகாதீர்கள். குடியிருக்காத ஆளுக்கு முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பொய்யாகப் பதிந்தவருக்கும் தண்டம் உண்டு. அதைவிட, வரி எண்ணும் வங்கி அட்டையும் வந்து விழுவது முன்பின் தெரியாத ஒருவருடைய தபால் பெட்டியில். ஊரை விட்டு வந்தவனின் தவிப்பில் காசு பார்ப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது கால்ட்மீட்டெ, அதாவது வெறும் வாடகை. அதோடு சூடேற்றும் செலவு, தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்தால் வார்ம்மீட்டெ. மின்சாரமும் இணையமும் அதிலும் சேராது. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ தனியாக வரும், வீட்டில் டிவி இல்லாவிட்டாலும். முன்பணம் மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்காரர் வைத்த தரகருக்கு நீங்கள் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை, 2015 ஜூனிலிருந்து அப்படித்தான். இரண்டு அறை வீடு என்றால் ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும், அவ்வளவுதான். பல வீடுகளில் சமையலறையில் அடுப்பும் இருக்காது, பாத்திரம் கழுவும் தொட்டியும் இருக்காது, சுவரில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நான் போன வீட்டில் விளக்குகூட இல்லை. கூரையிலிருந்து ஒயர் தொங்கியது. முதல் மூன்று நாள் செல்போன் வெளிச்சத்தில்தான் சாப்பிட்டேன்.

இதையெல்லாம் ஒரு தனி ஆள் தன் சாமர்த்தியத்தால் சமாளித்துக்கொள்ள வேண்டும் என்று விடுவது நியாயமே இல்லை. 1955-இல் இத்தாலியோடும் 1961-இல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு ஜெர்மனி ஆள் எடுத்தபோது, தங்குமிடம் கொடுப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பாக இருந்தது. அந்தத் தங்குமிடங்கள் நெருக்கடியானவை, பலருக்குக் கொட்டகையும் அடுக்குக் கட்டிலும்தான் கிடைத்தது, அதை நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆளைக் கூப்பிடுகிறவன் இடமும் காட்ட வேண்டும் என்ற எண்ணமாவது இருந்தது. 2024 அக்டோபரில் அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் டெல்லிக்குப் போனபோது, இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவது பெரிய செய்தியானது. நல்லது. ஆண்டுக்கு 4 லட்சம் வீடு கட்டுவதாகச் சொல்லி வந்ததும் அவருடைய அரசுதான். 2024-இல் கட்டி முடிந்தது சுமார் இரண்டரை லட்சம். இடையில் இருக்கும் அந்தப் பள்ளத்தில்தான் நம் பிள்ளைகள் பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். நல்ல லாபத்தில் ஓடும் ஒரு நிறுவனத்துக்கு, பதிவு செய்யக்கூடிய பத்து வீடுகளை நிரந்தரமாக வாடகைக்கு எடுத்து, புதிதாக வருகிறவர்களை மூன்று மூன்று மாதம் தங்கவைப்பது பெரிய செலவா? கேட்டால்தான் கொடுப்பார்கள். நாம் யாரும் கேட்பதில்லை.

எனக்கு வீடு கிடைத்தது ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருக்கும் எஸ்லிங்கனில், ஒரு வயதான அம்மாவின் மாடி வீடு. சம்பளச் சீட்டையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "கேர்வோகே செய்வீர்களா?" இந்தப் பக்கத்து வழக்கம் அது. ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டுக்காரர் முறை வைத்துப் படிக்கட்டையும் வாசலையும் பெருக்க வேண்டும், பனி விழுந்தால் தள்ள வேண்டும். முறை யாருடையதோ அவர் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். தெரிந்த ஜெர்மனை எல்லாம் திரட்டி, என் அம்மா தினமும் விடிவதற்குள் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார், எனக்கு இது பழக்கம்தான் என்றேன். கோலத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் போனில் படம் காட்டினேன். அதை வாங்கிக் கண்ணருகே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

சாவி வாங்கிய அன்று முதலில் செய்யச் சொன்ன வேலை, தபால் பெட்டியில் பெயர் ஒட்டுவது. பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் எதையும் போட மாட்டார், வரி எண் கடிதம் திரும்பிப் போய்விடும். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாதே, என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. ஆகவே பெட்டியிலும் அழைப்பு மணியிலும் அப்பா பெயர். எட்டு வாடகை வீட்டில் ஒன்றிலும் அவருடைய பெயர்ப் பலகை இருந்ததில்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். அம்மா சொன்னார், அப்பா அதைப் பக்கத்து வீடு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாராம்.

இன்று காலையில் தம்பியிடம் மறுபடி பேசினேன். கையெழுத்துப் போட இன்னும் நான்கு நாள் இருக்கிறதாம். மூன்று மாத வீடு கேட்டு, பதிவுக்கான படிவத்தையும் கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லியிருக்கிறேன், அனுப்பும் முன் எனக்குக் காட்டுவான். அவர்கள் முடியாது என்றால் எங்கள் கூடத்தில் சோபா இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டாயிற்று, சரி என்றுவிட்டார், படிவத்தில் அவரே கையெழுத்துப் போடுகிறாராம். தபால் பெட்டியில் எங்கள் பெயருக்குக் கீழே இன்னொரு சீட்டு ஒட்ட இடம் இருக்கிறது. சித்தப்பாவின் பெயருக்கு அது போதும், எழுத்துக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.